பாட்டை வெட்டினால் படம் நிற்குமா? உலகின் தலைசிறந்த மியூசிக்கல் எது, தெரியுமா?

கொட்டும் மழையில் குடையை மடக்கிக்கொண்டு, விளக்குக் கம்பத்தில் தாவி ஏறி, தேங்கிய தண்ணீரை எத்தி எத்தி ஆடுகிறாரே ஜீன் கெல்லி, அந்த ஆட்டத்தைப் படம்பிடித்தபோது அவருக்கு 103 டிகிரி காய்ச்சல், தெரியுமா? நள்ளிரவு போலத் தோன்றும் அந்தத் தெரு, பட்டப்பகலில் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடி இருட்டாக்கிய ஸ்டூடியோ தெரு, தெரியுமா? அவர் குதிக்கும் பள்ளங்கள்கூட, எந்த அடியில் எந்தக் கால் எங்கே விழும் என்று பார்த்துத் தோண்டியவை! மழை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று தண்ணீரில் பாலைக் கலந்தார்கள் என்று ஒரு கதை இன்றுவரை உலவுகிறது. நம்பாதீர்கள். பால் ஒரு சொட்டுக்கூடக் கலக்கவில்லை. ஒளிப்பதிவாளர் ஹெரால்ட் ராசன் மழைக்குப் பின்னால் விளக்குகளை வைத்தார், ஒவ்வொரு துளியும் மின்னியது. அவ்வளவுதான்!

1952-இல் வந்த ‘சிங்கிங் இன் தி ரெயின்’ படத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். இதற்கு எத்தனை ஆஸ்கர் கிடைத்தது, தெரியுமா? ஒன்றுகூட இல்லை. இரண்டு பரிந்துரைகளோடு சரி. அதற்கு முந்தைய வருடப் படமான ‘அன் அமெரிக்கன் இன் பாரிஸ்’, அதே ஜீன் கெல்லி நடித்தது, சிறந்த படம் உட்பட ஆறு ஆஸ்கர்களை அள்ளியது. ஆனால் 2006-இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் தலைசிறந்த 25 மியூசிக்கல்களைப் பட்டியலிட்டபோது முதலிடம் மழைப் படத்துக்கு, ஆறு ஆஸ்கர் படத்துக்கு ஒன்பதாம் இடம். ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 2022-இல் விமர்சகர்களிடம் உலகின் எல்லாப் படங்களுக்கும் சேர்த்து வாக்குக் கேட்டபோதும் மழைப் படம் பத்தாவது இடத்தில் உட்கார்ந்திருந்தது!

இன்னொரு வியப்பு. இந்தப் படத்தின் பாட்டுகள் பெரும்பாலும் பழையவை! தயாரிப்பாளர் ஆர்தர் ஃப்ரீட் ஒரு காலத்தில் பாடலாசிரியர். அவரும் இசையமைப்பாளர் நாசியோ ஹெர்ப் பிரவுனும் 1920-களின் கடைசியிலும் 30-களிலும் போட்ட பாட்டுகளை வைத்துக் கதை எழுதுங்கள் என்று பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் என்ற எழுத்தாளர் இணையிடம் கொடுத்தார்கள். தலைப்புப் பாட்டே 1929-இல் வேறொரு படத்தில் வந்துபோனது. பாட்டெல்லாம் ஊமைப்படம் பேசும் படமாக மாறிய காலத்தது, அப்படியானால் கதையும் அந்தக் காலத்தில் நடக்கட்டும் என்று அந்த இருவரும் முடிவுகட்டினார்கள். பாட்டு முதலில், கதை பிறகு. அப்படிப் பிறந்த படம்தான் பட்டியல்களின் தலைமாட்டில் நிற்கிறது!

நாயகி டெபி ரெனால்ட்ஸுக்கு அப்போது வயது 19. நடனம் தெரியாது, ஜிம்னாஸ்டிக்ஸ் மட்டும் தெரியும். பியானோவுக்கு அடியில் ஒளிந்து அழுதுகொண்டிருந்தவரைப் பார்த்து, இந்தப் படத்துக்குச் சம்பந்தமே இல்லாத நடனக் கலைஞர் ஃபிரெட் அஸ்டேர் கூப்பிட்டுத் தன் ஒத்திகையைக் காட்டித் தேற்றினார். கெல்லி, டெபி, டொனால்ட் ஓ’கானர் மூவரும் சேர்ந்து சோபாவைக் கவிழ்த்து முடிக்கும் ‘குட் மார்னிங்’ ஆட்டத்தைக் காலை எட்டு மணிக்குத் தொடங்கி இரவு பதினொன்று வரை எடுத்தார்கள். முடியும்போது அந்தப் பெண்ணின் பாதங்களில் ரத்தம். சுவரில் ஓடி ஏறிக் குட்டிக்கரணம் போட்ட டொனால்ட் ஓ’கானர், எடுத்து முடித்ததும் படுக்கையில் விழுந்தார். எழுந்து வந்தால், பிலிம் கெட்டுப்போய்விட்டது என்றார்கள். மறுபடி அத்தனையும் ஆடினார்!

சரி, இதுதான் உலகின் தலைசிறந்த மியூசிக்கலா? இங்கேதான் சண்டை தொடங்குகிறது. ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ என்பார் ஒருவர், ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ என்பார் இன்னொருவர், ‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ இருக்க மற்றது எதற்கு என்பார் மூன்றாமவர். எனக்கு ஒரே ஓர் அளவுகோல்தான். நம் ஊர்க் கொட்டகைகளில் பாட்டு வந்ததும் வெளியே டீக்கும் சிகரெட்டுக்கும் எழுந்து போவார்களே, கடைசி ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்க ஆபரேட்டர் பாட்டையே தூக்கிவிடுவாரே, அந்தக் கத்தரியைக் கையில் எடுங்கள். ஒரு பாட்டை வெட்டுங்கள். வெட்டிய பிறகும் கதை நொண்டாமல் நடந்தால் அது பாட்டு வைத்த படம். வெட்டிய இடத்தில் படம் நின்றுபோனால், அதுதான் மியூசிக்கல்!

இந்தக் கத்தரிச் சோதனை என் கற்பனை என்று நினைக்கிறீர்களா? ஹாலிவுட் ஸ்டூடியோக்களில் நிஜமாகவே செய்தார்கள், தெரியுமா? லீனா ஹார்ன். 1942-இல் எம்.ஜி.எம். நிறுவனத்தில் ஒப்பந்தமான கறுப்பினப் பாடகி. அந்தக் குரலும் அந்த முகமும் திரைக்கென்றே பிறந்தவை. ஆனால் பல படங்களில் அவர் ஒரு தூணில் சாய்ந்து நின்று ஒரு பாட்டைப் பாடிவிட்டுப் போவார், கதையில் யாரோடும் பேசமாட்டார். ஏன்? அமெரிக்காவின் தென்மாநிலத் தியேட்டர்கள் கறுப்பினத்தவரைத் திரையில் பார்க்க விரும்பாவிட்டால், கதை கெடாமல் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம்! வெட்டுவதற்கு வசதியாகவே பாட்டைக் கதையிலிருந்து தள்ளி வைத்தார்கள். இதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு வயிறு எரிந்தது. 1951-இல் ‘ஷோ போட்’ படத்தில் கலப்பினப் பெண்ணாக வரும் ஜூலி பாத்திரம் லீனாவுக்குக் கிடைக்கவில்லை, ஏவா கார்ட்னருக்குப் போனது. படத்தில் அவருக்குப் பாடியது இன்னொருவர் குரல். பாடத் தெரிந்தவரை வெளியே நிறுத்திவிட்டு!

அதே காலத்தில், 1943-இல், கறுப்பினக் கலைஞர்கள் மட்டுமே நடித்த ‘ஸ்டார்மி வெதர்’ வந்தது. அதில் ஃபேயார்ட், ஹெரால்ட் என்ற நிக்கோலஸ் சகோதரர்கள் ஆடும் சில நிமிடங்களைத் தயவுசெய்து தேடிப் பாருங்கள். கேப் கேலோவேயின் வாத்தியக் குழுவுக்கு நடுவே தாவி வந்து, மாளிகை அளவுக்குப் பெரிய படிக்கட்டில் ஏறி, ஒருவர் தலைக்கு மேல் மற்றவர் எகிறிக் குதித்து, இரண்டு கால்களும் இரு பக்கமும் நேர்கோடாக விரிய அடுத்த படியில் இறங்குகிறார். உடனே அவர் மேல் இவர். ஒவ்வொரு படியிலும்! எழும்போது கை தரையைத் தொடுவதில்லை. தொடைகளே உடம்பைத் தூக்கி நிறுத்துகின்றன. அதை ஒரே டேக்கில் எடுத்தார்கள். தான் பார்த்த நடனக் காட்சிகளிலேயே தலைசிறந்தது இதுதான் என்றார் ஃபிரெட் அஸ்டேர். கத்தரிச் சோதனையில் இந்த ஆட்டம் தோற்கும், கதைக்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை. ஆனாலும் இதை வெட்டுகிற கை நடுங்காதா!

அஸ்டேர் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். தன் நடனத்தைத் தலை முதல் கால் வரை முழு உருவமாக, வெட்டாமல் நீளமாக எடுக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். முகத்தை ஒரு துண்டு, பாதத்தை ஒரு துண்டு என்று ஒட்டினால் ஆடியது யார் என்று எப்படித் தெரியும்? 1936-இல் ‘ஸ்விங் டைம்’ படத்தின் கடைசி நடனத்துக்கு 47 டேக் போனது, உடன் ஆடிய ஜிஞ்சர் ராஜர்ஸின் காலணிக்குள் ரத்தம். அப்படிப்பட்ட அஸ்டேர் 1951-இல் ‘ராயல் வெடிங்’ படத்தில் சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக நடனமாடினார்! கம்பி கிடையாது, கயிறு கிடையாது, இன்றைய கம்ப்யூட்டர் வித்தை எதுவும் கிடையாது. எப்படி, தெரியுமா? அந்த அறை முழுவதும் ஒரு மாபெரும் உருளைக்குள் இருந்தது. நாற்காலி, மேசை, விளக்கு, படம் எல்லாம் ஆணியடித்து இறுக்கியவை. உருளை மெல்லச் சுழலும். கேமராவும் அதோடு கட்டிவைத்த ஒளிப்பதிவாளரும் சேர்ந்தே சுழல்வார்கள். அறையும் கேமராவும் ஒன்றாகச் சுற்றுவதால் திரையில் அறை அசையாமல் நிற்கும். உண்மையில் அஸ்டேர் எப்போதும் கீழேதான் ஆடிக்கொண்டிருக்கிறார், சுவர்தான் வந்து வந்து அவருக்குத் தரையாகிறது! தரை நழுவும் அந்த நொடியில் இயல்பாகக் காலை மாற்றி வைக்க வேண்டும், முகத்தில் சிரிப்புக் குறையக் கூடாது. காதலில் விழுந்தவனுக்குக் கால் தரையில் பாவாது என்பதை வசனமாகச் சொல்லாமல் ஆடியே காட்டிவிட்டார். இயக்கியவர் ஸ்டான்லி டோனன். மறுவருடம் ஜீன் கெல்லியோடு சேர்ந்து மழைப் படத்தை இயக்கியவரும் அவரேதான்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் நின்றவர் நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி. அவர் படங்களில் தனி ஆள் ஆடுவது முக்கியமே இல்லை, நூறு பெண்கள் சேர்ந்து ஒரு பூவாக விரிவார்கள்! ஸ்டூடியோக் கூரையில் ஓட்டை போட்டுக் கேமராவை உச்சியிலிருந்து கீழ்நோக்கி வைத்தவர். முதல் உலகப் போரில் பிரான்சில் சிப்பாய்களுக்கு அணிவகுப்புப் பயிற்சி கொடுத்த ராணுவ அதிகாரி அவர், தெரியுமா? அந்த அணிவகுப்புதான் ‘42-ஆம் தெரு’ முதலான 1933-ஆம் வருடப் படங்களில் நடனமாக மாறியது. அதே வருடம் ‘கோல்ட் டிகர்ஸ்’ படத்துக்காக மின்விளக்கு பொருத்திய வயலின்களைக் கையில் கொடுத்து இருட்டில் பெண்களை ஆடவைத்துக்கொண்டிருந்தபோது, மார்ச் 10-ஆம் தேதி லாங் பீச் நிலநடுக்கம்! மின்சாரம் போனது. பெண்கள் உயரமான மேடைகளில் இருட்டில் நிற்க, பெர்க்லி கேமரா கிரேனில் ஒற்றைக் கையால் தொங்கினார்.

பெர்க்லி பாணிப் பிரம்மாண்டத்தை அழகென்று ரசிப்பேன். ஆனால் கத்தரி போட்டால் பெரும்பாலும் விழுந்துவிடும். இந்த இடத்தில் எனக்கு ஜெமினி ஸ்டூடியோவின் ‘சந்திரலேகா’ நினைவுக்கு வராமல் இருக்காது. 1948-இல் எஸ்.எஸ். வாசன் எடுத்த அந்த முரசு நடனம் ஹாலிவுட் பிரம்மாண்டத்துக்கு இம்மியும் குறையாதது. ஆட்டம் முடிந்ததும் என்ன நடக்கிறது? அரண்மனைக்குள் கொண்டுவந்து வைத்த ராட்சச முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் பாய்ந்து வெளியே வருகிறார்கள்! ஆட்டமே படையெடுப்பு. அதை வெட்டினால் நாயகி டி.ஆர். ராஜகுமாரியை மீட்க ஆளே வராது. பெர்க்லியால் செய்ய முடியாததை வாசன் செய்தார் என்று நான் எந்தச் சபையிலும் சொல்வேன்.

‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ பக்கம் வருவோம். 1939. இதை ஒளிப்பதிவு செய்தவரும் அதே ஹெரால்ட் ராசன்! வானவில்லுக்கு அப்பால் ஓர் இடம் இருக்கிறது என்று ஜூடி கார்லண்ட் பாடும் பாட்டைப் படத்திலிருந்தே தூக்கப் பார்த்தார்கள், தெரியுமா? முன்னோட்டக் காட்சி முடிந்ததும் ஸ்டூடியோ பெரிய மனிதர்களுக்குக் குறை: படம் இழுக்கிறது, நம் நட்சத்திரம் மாட்டுக்கொட்டிலில் நின்று பாடுவதா! ஆர்தர் ஃப்ரீட் உள்ளிட்டவர்கள் மல்லுக்கட்டி அதைக் காப்பாற்றினார்கள். அந்தப் பாட்டுக்குத்தான் அந்த வருட ஆஸ்கர். 2004-இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் நூறு திரைப்பாடல்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் பாட்டும் அதுதான். அதே படத்துக்காக எடுத்த ‘ஜிட்டர்பக்’ என்ற பெரிய நடனத்தை நிஜமாகவே வெட்டி எறிந்தார்கள். இன்று படம் பார்க்கிறவர்களுக்கு அது இல்லாத குறை தெரிகிறதா? கத்தரிச் சோதனைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்!

பழுப்பு நிறக் கான்சஸ் வீட்டின் கதவு திறந்ததும் வண்ணத்தில் ஆஸ் நாடு விரிகிறதே, அந்த ஒரு ஷாட்டை எடுத்த விதம் தெரியுமா? முழுவதும் வண்ணப் பிலிமில்தான் எடுத்தார்கள். வீட்டின் உட்சுவருக்குப் பழுப்புச் சாயம் அடித்தார்கள். ஜூடிக்குப் பதிலாக ஒரு பெண்ணுக்குப் பழுப்பு உடை போட்டு, முதுகைக் காட்டிக் கதவைத் திறக்கவைத்தார்கள். அவர் சட்டென்று ஒதுங்க, நீல உடையில் நிஜ ஜூடி அதே வாசலில் வெளியே நடக்கிறார். கண்ணிமைக்கும் நேரம்! அந்த அழகுக்குக் கொடுத்த விலையும் பெரிது. தகர மனிதனாக நடிக்கவிருந்த பட்டி எப்சன், முகத்தில் பூசிய அலுமினியத் தூளை மூச்சில் இழுத்து மருத்துவமனையில் கிடந்தார், வேறொருவர் நடித்தார். சூனியக்காரியாக வந்த மார்கரெட் ஹாமில்டனுக்கு நெருப்புக் காட்சியில் முகமும் கையும் வெந்தன. வானத்திலிருந்து விழும் வெண்பனி ஆஸ்பெஸ்டாஸ். ஜூடி அணியும் சிவப்புக் காலணி மூலக் கதையில் வெள்ளி நிறம். வண்ணப் படத்தில் எடுப்பாகத் தெரியட்டும் என்று சிவப்பாக்கினார்கள். அந்தக் காலணிகளில் ஒரு ஜோடி 2005-இல் மினசோட்டா அருங்காட்சியகத்திலிருந்து திருடு போய், 2018-இல் கிடைத்து, 2024 டிசம்பரில் ஏலத்தில் கட்டணம் உட்பட 3.25 கோடி டாலருக்குப் போனது!

இனி குரல்களின் கதை. ‘தி கிங் அண்ட் ஐ’ படத்தில் டெபோரா கெர் பாடுவது, ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் நடாலி வுட் பாடுவது, ‘மை ஃபேர் லேடி’யில் ஆட்ரி ஹெப்பர்ன் பாடுவது எல்லாம் பெரும்பாலும் ஒரே குரல், தெரியுமா? மார்னி நிக்சன்! மூன்று படத்திலும் திரையில் அவர் பெயர் கிடையாது. நடாலி வுட் தன் குரலே படத்தில் வரும் என்று நம்பி அத்தனை பாட்டையும் பாடிக் கொடுத்திருந்தார். படப்பிடிப்பு முடிந்த பிறகுதான் மாற்றியதைச் சொன்னார்கள். இசையமைப்பாளர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் தன் ராயல்டியில் ஒரு சிறு பங்கை மார்னிக்குக் கொடுத்தார், அது அவர் பெருந்தன்மை. பி. சுசீலா பாட்டு, டி.எம்.எஸ். பாட்டு என்று பாடியவர் பெயரால் பாட்டைச் சொல்லியே பழகிய நமக்கு இது நம்ப முடியாத அநியாயம்! ‘சிங்கிங் இன் தி ரெயின்’ கதையே இதைப் பற்றியதுதானே. கீச்சுக்குரல் நட்சத்திரத்துக்குத் திரைக்குப் பின்னால் நின்று டெபி ரெனால்ட்ஸ் குரல் கொடுக்கிறார். ஆனால் அப்படிக் குரல் கொடுக்கும் ஒரு பாட்டில் டெபிக்கே வேறொருவர் பாடினார், தெரியுமா? பெட்டி நாய்ஸ். டெபி பேசுவதாகக் காட்டும் வசனத்தைப் பேசியதோ, கீச்சுக்குரல்காரியாக நடித்த ஜீன் ஹேகனே! அவருடைய சொந்தக் குரல் அத்தனை இனிமை.

பாட்டை முன்பே பதிவு செய்துவிட்டு அதற்கு வாயசைப்பது 1929-இல் ‘பிராட்வே மெலடி’ படத்தில் ஒரு நடனத்தை மறுபடி எடுக்க நேர்ந்தபோது தொடங்கிய வழக்கம். அதை மாட்டேன் என்றவர் ‘மை ஃபேர் லேடி’யின் ரெக்ஸ் ஹாரிசன். அவர் பாட்டைப் பாதி பேசிப் பாதி பாடுவார், ஒருமுறை போல் மறுமுறை வராது, பிறகெப்படி வாயசைப்பது? கழுத்துப்பட்டைக்குள் கம்பியில்லா மைக்கை ஒளித்துவைத்து, படப்பிடிப்புத் தளத்திலேயே பாடினார். 2012-இல் ‘லே மிசரபிள்’ படத்தில் எல்லோரும் காதுக்குள் பியானோ கேட்டபடி நேரடியாகப் பாடியதை உலகமே புதுமை என்றது. கிழவர் 1964-இல் வந்த படத்திலேயே செய்துவிட்டார்!

அந்த 1964-இல் நடந்த இன்னொரு கூத்தைக் கேளுங்கள். ‘மை ஃபேர் லேடி’யை மேடையில் நடித்துப் புகழாக்கியவர் ஜூலி ஆண்ட்ரூஸ். சினிமா என்றதும் அவருக்குப் போதிய பெயர் இல்லை என்று ஆட்ரி ஹெப்பர்னைப் போட்டார்கள். ஜூலி போய் டிஸ்னியின் ‘மேரி பாப்பின்ஸ்’ படத்தில் நடித்தார். ஆஸ்கர் மேடையில் ‘மை ஃபேர் லேடி’க்கு எட்டு விருது. சிறந்த நடிகை விருது மட்டும் ஜூலிக்கு! ஆட்ரிக்குப் பரிந்துரைகூட இல்லை.

அடுத்த வருடமே ஜூலி மலையுச்சியில் கைகளை விரித்துக்கொண்டு சுற்றினார். ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’கின் அந்த முதல் காட்சியில் ஹெலிகாப்டரின் காற்று ஒவ்வொரு முறையும் அவரைப் புல்லில் குப்புறத் தள்ளியது, எழுந்து எழுந்து ஆடினார். ஆஸ்திரியாவின் அடையாளமாக உலகம் நினைக்கும் அந்தப் புல்வெளி இருப்பது ஜெர்மனியில், எல்லைக்கு அந்தப்பக்கம்! தாய்நாட்டுப் பூவைப் பாடும் ‘எடெல்வைஸ்’ ஆஸ்திரிய நாட்டுப்பாடல் அல்ல, அமெரிக்கர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் சாவதற்கு முன் கடைசியாக எழுதிய பாட்டு. கதைக்கு ஆதாரமான நிஜக் குடும்பம் மலை ஏறித் தப்பவில்லை, ரயில் ஏறி இத்தாலிக்குப் போனது. மார்னி நிக்சன் முதன்முதலாகத் தன் முகத்தோடு திரையில் வந்ததும் இதில்தான், கன்னியாஸ்திரீகளில் ஒருவராக. கத்தரியோடு வாருங்கள்: ‘டோ ரே மி’யை வெட்டிப் பாருங்கள். பாட்டுத் தொடங்கும்போது அந்த ஏழு பிள்ளைகளுக்கு ஒரு பாட்டும் தெரியாது. நாள்கள் ஓடுகின்றன, திரைச்சீலைத் துணி உடையோடு ஊரெல்லாம் சுற்றுகிறார்கள், முடியும்போது அவர்கள் ஜூலி நடிக்கும் மரியாவின் பிள்ளைகள். அதை எடுத்துவிட்டால் படத்துக்கு முதுகெலும்பு இல்லை. இனிப்பு அதிகம் என்று இந்தப் படத்தை ஒதுக்கும் விமர்சகர்களோடு எனக்கு ஒட்டாது.

‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ 11 பரிந்துரைகளில் 10 ஆஸ்கர் வென்றது. நடனத்தை அமைத்து ராபர்ட் வைஸோடு சேர்ந்து இயக்கிய ஜெரோம் ராபின்ஸைச் செலவும் நாளும் கூடுகிறதென்று பாதியில் அனுப்பிவிட்டு, கடைசியில் இயக்குநர் விருதை இருவருக்கும் கொடுத்தார்கள்! அந்த முதல் பத்து நிமிடத் தெரு நடனத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் காதல் ஜோடிப் பாட்டுகளில் கத்தரி எளிதாக நுழைந்துவிடுகிறது, என்ன செய்ய.

‘கேபரே’, 1972. எட்டு ஆஸ்கர் வாங்கியும் சிறந்த படம் விருது கிடைக்காத ஒரே படம் இதுதான், ஏனென்றால் எதிரே நின்றது ‘காட்ஃபாதர்’! நாயகி லைசா மினெல்லி, ஜூடி கார்லண்டின் மகள். பாட்டுகள் எல்லாம் இரவு விடுதி மேடையில்தான். ஒன்றே ஒன்று வெளியே, வெயில் அடிக்கும் ஒரு பியர் தோட்டத்தில். தங்க முடிச் சிறுவன் ஒருவன் தேவதை போலப் பாடுகிறான். கேமரா முகத்திலிருந்து மெல்லக் கீழே இறங்குகிறது. கையில் நாஜிப் பட்டை! ஒவ்வொருவராக எழுந்து சேர்ந்து பாடுகிறார்கள், ஒரு முதியவர் மட்டும் எழாமல் உட்கார்ந்திருக்கிறார். நாஜிகளின் நிஜப் பாட்டு இது என்று பலர் நம்பினார்கள். எழுதியவர்கள் காண்டர், எப் என்ற இரண்டு யூதர்கள், தெரியுமா? ஒரு தேசம் எப்படிப் பைத்தியமானது என்று நூறு பக்கம் சொல்வதை அந்த ஒரு பாட்டு சொல்லிவிடுகிறது.

இத்தனையும் சொன்ன பிறகு என் முதலிடம் யாருக்கு, தெரியுமா? அமெரிக்கக் கழகத்தின் 25-இல் இல்லாத படத்துக்கு. இருக்க முடியாது, அது பிரெஞ்சுப் படம்! 1964-இல் ஷாக் டெமி இயக்கி, மிஷெல் லெக்ரான் இசையமைத்த ‘ஷெர்பூர் நகரத்துக் குடைகள்’. இதில் பாட்டு என்று தனியாக எதுவும் இல்லை, ஏனென்றால் படம் முழுக்கப் பாட்டு! பெட்ரோல் போடச் சொல்வது, கடன் கேட்பது, காய்ச்சலா என்று விசாரிப்பது எல்லாமே பாடித்தான். முதல் காட்சியில் கார் மெக்கானிக்குகள் கை கழுவிக்கொண்டே பேசுகிறார்கள். ஒருவன் இன்று ஓபராவுக்குப் போவதாகச் சொல்ல, எல்லோரும் பாடிக்கொண்டே இருப்பது எனக்குப் பிடிக்காது, சினிமாதான் பிடிக்கும் என்கிறான் இன்னொருவன். அதையும் பாடியே சொல்கிறான்!

கதை மிக எளிது. குடைக் கடைக்காரியின் பெண்ணும் மெக்கானிக் பையனும் காதலிக்கிறார்கள். அவனை அல்ஜீரியப் போருக்கு இரண்டு வருடம் அனுப்பிவிடுகிறார்கள். அவள் வயிற்றில் பிள்ளை. கடிதம் குறைகிறது. நகைக்கடைக்காரர் ஒருவர் பிள்ளையோடு அவளை ஏற்கிறார். வில்லன் கிடையாது, துரோகம் கிடையாது, எல்லோரும் நல்லவர்கள். பிரிந்து ஆறு வருடம் கழித்து, கிறிஸ்துமஸ் இரவில், பனி கொட்டும்போது அவன் நடத்தும் பெட்ரோல் பங்குக்கு அவள் காரை ஓட்டி வருகிறாள். சூப்பரா, சாதாரணமா என்று பெட்ரோல் பையன் கேட்கிறான், பாடி. அந்தக் கேள்விக்கு அழுதவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள், நானும் அழுதிருக்கிறேன். இதே விஷயத்தைச் சாதாரணமாகப் பேசியிருந்தால் நாம் அசையவே மாட்டோம். கத்தரி எங்கே வைப்பீர்கள்? வைக்க இடமே இல்லை!

கான் விழாவின் முதல் பரிசு இதற்குத்தான். நாயகி கேத்தரின் டெனூவுக்குப் பாடியவர் டேனியல் லிகாரி. நடிகர்கள் யாரும் சொந்தக் குரலில் பாடவில்லை, முன்பே பதிவான இசைக்கு மூச்சு முதற்கொண்டு பொருந்தி நடித்தார்கள். சுவர்க் காகிதத்தின் நிறத்துக்கு ஏற்ப உடைகள், உடைக்கு ஏற்பச் சுவர்கள். அந்தக் காலப் பிலிமில் வண்ணம் சில வருடங்களில் வெளிறிப்போகும். அது தெரிந்த டெமி, மூன்று வண்ணங்களையும் தனித்தனிக் கறுப்பு வெள்ளைப் பிலிம்களில் பிரித்து எடுத்து வைத்திருந்தார், தெரியுமா? 1990-இல் அவர் மறைந்த பிறகு, அவர் மனைவியும் பெரும் இயக்குநருமான ஆக்னஸ் வர்தா அவற்றைக் கொண்டே படத்துக்குப் பழைய நிறத்தை மீட்டார். ‘லா லா லேண்ட்’ எடுத்த டேமியன் சசெல்லுக்கு எல்லாப் படத்தையும்விடப் பிடித்த படம் இதுதான். லாஸ் ஏஞ்சல்ஸ் மேம்பாலத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கார்களின் மேல் ஆடவைத்து, மூன்று ஷாட்டுகளை ஒரே ஷாட் போல ஒட்டினாரே, அந்தக் கார்கள், உடைகளின் நிறங்களைப் பாருங்கள், டெமி தெரிவார். முடிவையும் பாருங்கள், இன்னும் நன்றாகத் தெரிவார்.

ஆக என் வரிசை: ஷெர்பூர் முதலில். இரண்டாவது சிங்கிங் இன் தி ரெயின். கெல்லியும் சிட் சரிஸும் ஆடும் நீண்ட பிராட்வே நடனத்தில் கத்தரி நுழைவதால்தான் அதற்கு முதலிடம் தவறுகிறது. ஆனால் மழைப் பாட்டில் நுழையாது, அந்த இரவின் சந்தோஷத்தைச் சொல்ல அங்கே ஒரு வரி வசனம்கூட இல்லை. மூன்றாவது கேபரே, நான்காவது விசார்ட் ஆஃப் ஆஸ், ஐந்தாவது சவுண்ட் ஆஃப் மியூசிக். வேறு வரிசை வைத்திருப்பவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம், ஆனால் ஷெர்பூரைப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஒன்றரை மணி நேரம்தான்.